நாடிக்குக் கீழே இரண்டு விரல்

சித்திரை வெயிலில் தார் ரோட்டைப் பார்த்தாலே கண் கூசும் ஒரு மத்தியானம். தோவாளைப் பூச்சந்தைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்த ஆளுக்கு முகம் முழுக்க மூடிய ஹெல்மெட், தோளிலும் முழங்கையிலும் தடித்த பட்டை வைத்த கறுப்புக் கோட்டு, கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ். பிச்சிப்பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

“தீயணைக்கிய ஆளு வந்திருக்கு. எங்கட்டி தீ?” என்று ஒருத்தி கேட்டது என் கடை வரைக்கும் கேட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, நெற்றியோடு ஒட்டிப்போன முடி. நேராக என் கடைக்குள் வந்தார். அப்போது நான் சவூதியில் தம்மாமிலிருந்து வேலையை விட்டு வந்து கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பைக்குக்குக் கண்ணாடி, சீட் கவர், ஹெல்மெட் எல்லாம் விற்றேன். பின்கட்டில் என் மனைவி மெஷினில் சீட் கவர் தைப்பாள்.

வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. வரிசையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். உள்ளே பெருவிரலால் அமுக்கினார், வாரை வெடுக்கென்று இழுத்தார், அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார், திரும்ப வைத்தார். அடுத்ததையும் அப்படியே செய்தார். ஏழெட்டுப் பார்த்த பிறகுதான் பேசினார்.

“அண்ணாச்சி, இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கிய?”

“விக்கத்தான்.”

“தலைக்கா?”

இதுதான் எங்கள் முதல் பேச்சு. வந்தவர் போன பிறகும் எனக்குக் காது சூடாகவே இருந்தது.

அவர் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், வீடு ஆரல்வாய்மொழி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தினமும் இரண்டு தடவை என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நர்ஸ் இல்லாவிட்டாலும் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார். நானும் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. கணவர் ரிட்டயர் ஆனதும் மகளோடு இருக்க இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். ஆனாலும் கடையில் யாராவது ஹெல்மெட்டைத் தலையில் வைத்துப் பார்த்தால் என் கை தானாக அவர்கள் நாடிக்கு, அந்த மோவாய்க்கட்டைக்கு, போகிறது.

அது அவருடைய பழக்கம். பெட்ரோல் பங்கு, சிக்னல், கல்யாண வீட்டு வாசல், எந்த இடமானாலும் சரி. பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஆள் நின்றால், “செத்த நில்லுங்க” என்று சொல்லிக்கொண்டே, வாருக்கும் நாடிக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார்.

“ரெண்டு விரல் போவணும். மூணாவது விரலும் போச்சுண்ணா, விழுகையில ஹெல்மெட் ஒரு பக்கம் போவும், தலை ஒரு பக்கம் போவும்.”

முன்பின் தெரியாத ஆண்கள் திகைத்துப் போவார்கள். சிலர் முறைப்பார்கள். முறைக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. வாரைச் சரிபண்ணிவிட்டுத்தான் கையை எடுப்பார்.

அவருடைய சபைப் போதகர் ஒருநாள் ஆராதனை முடிந்து பைக்கில் ஏறியபோது, ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்கியிருக்கிறது. ஜனமெல்லாம் கேட்டில் நிற்க, “ஐயா, கண்ணாடி உடைஞ்சா வேற மாட்டிக்கிடலாம். உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டாராம். இதை எனக்குச் சொன்னது அந்தப் போதகரேதான், வாருக்குப் புதுக் கிளிப் மாட்ட வந்தபோது. “அடுத்த ஞாயிறு ஒழுங்காத்தான் போட்டுட்டுப் போனேன். மூணு விரல் போச்சு” என்றார்.

இப்படி அவரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் காலை வந்தது. கடை திறந்து ஊதுபத்தி பொருத்தியிருந்தேன். சிஸ்டர் ஒரு துணிப்பையோடு ஏறி வந்தார். பையிலிருந்து, பிளந்துபோன ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இது உங்க கடையில வாங்கினதா?”

“இல்ல சிஸ்டர்.”

“பின்பக்கம் பாருங்க.”

பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் தலைகீழாக ஒட்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லிவிடுகிறேன். மலிவான ஹெல்மெட்டுகளை வெளியூர் ஆள் ஒருவர் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போடுவார். ஸ்டிக்கர்கள் தனியாக ஒரு தாளில் வரும். ஒட்டுவது என் வேலை. சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே ஒட்டுவேன். ஒரு தடவை நாலைந்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். பிய்த்து ஒட்டச் சோம்பல். போலீசுக்குக் காட்டத்தானே வாங்குகிறார்கள், யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

“ஆளு?” என்று கேட்டேன்.

“கீரிப்பாறையில ரப்பர் பால் வெட்டுக ஆளு. வளைவுல வழுக்கியிருக்கான். பெரிய வேகமெல்லாம் இல்ல. தலை நிறைய தையல். பொழைச்சுக்கிடுவான்.”

“அப்பாடா.”

“பொண்டாட்டி பேரைக் கேட்டா அம்மா பேரைச் சொல்லுகான் அண்ணாச்சி.”

அவர் குரல் உயரவே இல்லை. பைக்குள் கையை விட்டு இரும்பு அறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடை எடுத்து நீட்டினார். “இந்தச் சாக்குச் சரக்குல ஒண்ணை அறுங்க. மேல் வரிசையில இருக்க நல்லதுல ஒண்ணையும் அறுங்க. எனக்குத் தெரியும். நீங்க பாக்கணும்.”

அறுத்தேன். மலிவானது சோப்புக் கட்டியைப் போல அறுந்தது. உள்ளே டி.வி. பெட்டியில் வைத்து வருகிற தெர்மாகோல். விரல் பட்டதும் உதிர்ந்தது. வாரை அவர் ஒரு இழு இழுத்தார். ஆணியோடு கையில் வந்துவிட்டது. நல்லதை அறுக்கத்தான் தோள் கழன்றது. பிளேடு மாட்டி மாட்டி நின்றது. உள்ளே தெர்மாகோல் கனமாக, கெட்டியாக இருந்தது. பெருவிரலால் அமுக்கினால் தடம்கூடச் சரியாக விழவில்லை.

“இது அமுங்கத்தான் இருக்கு” என்றார் சிஸ்டர். “விழுக அடியை இது வாங்கிக்கிட்டு அமுங்கிப் போவும். தலைக்கு வாறது குறையும். ஒருக்கா அமுங்கினா பொறவு நிமிராது. வெளியில கீறல்கூடத் தெரியாது. அதனாலதான் ஒருக்கா விழுந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாதுண்ணு சொல்லுகேன். அது பொறவு வெறும் சட்டி.”

மெஷின் சத்தம் எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையா எனக்க தம்பிக்குக் குடுத்திய?” என்று கேட்டாள்.

அதைத்தான் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கே மச்சினன் வீட்டுக்கு ஓடிப் போய் அதை வாங்கிவந்தேன். மிச்சமிருந்த சாக்குச் சரக்கு முழுவதையும் அறுத்துப் போட்டேன். என் மனைவி, அறுத்த மலிவான பாதியையும் நல்ல பாதியையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடை முன்னால் தொங்கவிட்டாள். பூச்சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் ஏறி வந்து அமுக்கிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது, யாரைக் கண்டாலும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போலவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரோடு கீரிப்பாறைக்குப் போனேன். அவர் ஸ்கூட்டரில், நான் என் பைக்கில். எஸ்டேட் லைன் வீட்டில், தலையில் கட்டோடு அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. என்னை யாரென்று சிஸ்டர் சொன்னதும் எழுந்து கையைக் கூப்பிவிட்டான்.

“உங்க ஹெல்மெட் இல்லண்ணா நான் அண்ணைக்கே போயிருப்பேன் அண்ணாச்சி.”

அவன் மனைவி பால் விடாத கட்டன்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர், கொடியில் காய்கிற ரப்பர் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதவவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இரண்டு மடக்குக் குடித்தேன்.

“தம்பி, அது ஹெல்மெட்டே இல்ல. அந்த முத்திரையை நான்தான் ஒட்டினேன்” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காப்பி பாதி இருந்தது. கொண்டுபோயிருந்த நல்ல ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மலை இறங்கி ஒரு கடையில் நின்றபோது சிஸ்டர் சொன்னார். “நீங்க சொல்லாட்டி நான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் கூட வந்தேன்.”

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். அவருக்கு ஏன் இந்த வெறி என்பதற்குப் பூச்சந்தையில் பல கதைகள் இருந்தன. அண்ணன் செத்தான், முறைமாப்பிள்ளை செத்தான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருநாள் நானே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஒருத்தரும் சாவல. எனக்க வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். சைக்கிள்லகூட ஏற மாட்டார், பஸ்தான். யாராவது செத்தாத்தான் பயப்படணுமா அண்ணாச்சி? நான் தெனமும் எக்ஸ்ரே படம் பாக்கேன்.”

என் கடையில் நின்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வார். ஆனால் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத பேச்சு. “கழுத்து, நெஞ்சு, இடுப்பு, இதுக்கெல்லாம் ஹெல்மெட் ஒண்ணும் செய்யாது. கோட்டு தோலைக் காப்பாத்தும். எலும்பை எப்பவும் காப்பாத்தும்ணு சொல்ல மாட்டேன். லாரிக்கு அடியில போனா ஒண்ணும் கிடையாது. மெதுவாப் போங்க.”

“இப்படிச் சொன்னா எவன் சிஸ்டர் வாங்குவான்?”

“இதைக் கேட்டுட்டு வாங்குகவன் கழத்த மாட்டான்.”

ஒரு சனிக்கிழமை, விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று காட்டுகிறேன் என்று ஆட்களைக் கூட்டினார். ஹெல்மெட்டோடு தரையில் படுக்கக் கிடைத்தவன் நான்தான். என் தொப்பையைப் பார்த்துப் பூக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “மூச்சு நல்லா விடுகாரா பாருங்க. விட்டா ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. கண்ணாடியை மட்டும் உயர்த்துங்க. தலையை ரெண்டு கையாலயும் அசையாமப் பிடிங்க. தண்ணி குடுக்காதீங்க, தூக்கி இருத்தாதீங்க. ஆம்புலன்ஸ் வாற வரைக்கும் பிடிச்ச கையை எடுக்கப்பிடாது.” எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் ஒரே மூச்சாகச் சுற்றும். பைக் தானாக ஓரத்துக்குப் போகும். காலையில் கடை முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் சைக்கிளில் வந்து காலை ஊன்றினான்.

“உங்க கறுப்புக்கோட்டு அக்கா விழுந்து கிடக்காவ, வயல் பக்கம்.”

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. லாரி ஒன்று அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அது மறைத்திருந்த காற்று, அது விலகியதும் மொத்தமாக அறைந்திருக்கிறது. ஸ்கூட்டர் மைல்கல்லில் மோதிக் கிடந்தது. அவர் தார் ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தார். சுற்றிலும் கூட்டம். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் சோடாவை உடைத்து வைத்திருக்கிறார், மூன்றாமவர் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கப் பார்க்கிறார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது, ஒருவர் காதிலும் விழவில்லை.

நான் என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. “கையை எடுலே. எல்லாவனும் கையை எடு.”

எடுத்துவிட்டார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்தேன். ஒருவரைக் கண்ணாடியை மட்டும் உயர்த்தச் சொன்னேன். உள்ளே இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

“அண்ணாச்சியா?”

“நான்தான் சிஸ்டர்.”

“கையை எடுத்துராதீங்க.”

“எடுக்க மாட்டேன்.”

“இண்ணைக்கு வியாழன்தானே?”

“வியாழன்தான்.”

“அப்ப மூளை கொள்ளாம், கெடல.” பிறகு கேட்டார், “எனக்க கால் இருக்கா?”

“இருக்கு. பூட்ஸும் இருக்கு.”

“வெரலை அசைக்கேன். அசையுதா?”

“பூட்ஸுக்குள்ள எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். தோள் வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. என் முட்டி தாரில் எரிந்தது. கை மரத்துப்போனது. காற்று என் சட்டையைக் கிழித்துவிடுவதுபோல் அடித்தது. என் கைகளுக்கு நடுவில் அந்த ஹெல்மெட், அதற்குள் அந்த இரண்டு கண்.

“அண்ணாச்சி, இத்தனை பேருக்குச் சொன்னேன்லா. இது வேலை செய்யுமாண்ணு எனக்கே இப்பத்தான் தெரியுது. பயமா இருக்கு” என்றார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். தலைக்கு ஒன்றுமில்லை, கழுத்துக்கும் ஒன்றுமில்லை. தோள்பட்டைக்கு முன்னால் உள்ள எலும்பு முறிந்திருந்தது. பூட்ஸ் போட்டும் கணுக்கால் எலும்பில் ஒரு கீறல். ஹெல்மெட்டின் நாடிப்பக்கம் தேய்ந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. கோட்டின் கை கிழிந்திருந்தது. உள்ளே முழங்கைத் தோலில் ஒரு சிராய்ப்பு இல்லை. டாக்டர் அந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் நாடியைத் தடவிக்கொண்டார். படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படுத்தபடியே பார்த்த சிஸ்டர், “கோணலா எடுத்திருக்கிய. இன்னொண்ணு எடுங்க” என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வராந்தாவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

மூன்று மாதம் கழித்து, ஸ்கூட்டரைச் சரிபண்ணி என் கடையில் நிறுத்தியிருந்தேன். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். புதுக் கோட்டு, புது ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், பத்தும் இருக்கலாம். நான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன். எதிர்ப்பக்கம் பூக்காரப் பெண்கள் சத்தமே இல்லாமல் பூக்கட்டினார்கள்.

“அண்ணாச்சி” என்றார். “பின்னால ஏறுங்க.”

நான் பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. அதுவும் சந்தைக்கு முன்னால். என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டி, “போயிட்டு வாங்க” என்றாள்.

கிளம்பினோம். வயல் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. பின்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கினேன். அவர் விழுந்த இடம் வந்தது. மைல்கல்லைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்தார், போனார். எதிரே லாரி வந்தபோது, “சாருங்க, எனக்க கூட சாருங்க” என்று கத்தினார். சாய்ந்தேன். லாரி போயிற்று. காற்று அடித்தது. நாங்கள் ரோட்டில்தான் இருந்தோம். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாரா என்று பயந்துபோய்க் காதைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காத்தாடிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் பைத்தியங்கள்போலச் சிரித்துக்கொண்டே போனோம்.

அவர் வீட்டுக் கேட்டில் கணக்கு வாத்தியார் நின்றிருந்தார். சிஸ்டர் பஸ்ஸுக்குக் கிளம்பிய நேரத்திலிருந்தே நிற்கிறார்போலும், வெயிலில் முகம் கறுத்திருந்தது. மனைவியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். என்னிடம் திரும்பி, “உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷத்துல தோவாளைக்குப் பஸ் உண்டு” என்றார்.

“பஸ் வேண்டாம்” என்றார் சிஸ்டர், இறங்காமலே. “அவியளை நானே கொண்டு விடுகேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.